அண்ணன் கதையும் தம்பி படமும்: ஆங்கிலம் பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி

தமிழ் வழியில் படித்துவிட்டு, வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ ஆங்கிலம் பழக வருபவர்களுக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வந்த முதல் நாளே பெரும்பாலானவர்கள் கேட்பது, "தினமும் எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும் சார்?" என்பதுதான். நான் வார்த்தைப் பட்டியல் கொடுப்பதில்லை. ஓர் எழுத்தாளரையும் ஓர் ஓவியரையும் கொடுக்கிறேன். ஒன்றரை மாதம் அந்த இருவரோடு மட்டும் இருங்கள் என்கிறேன்.

பேசுவதற்கு விஷயம் இல்லாமல் மொழி வராது. "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் பெயர், ஊர், அப்பா வேலை என்று நாலு வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு படைப்பாளியை எடுத்துக்கொண்டால் அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும், கதையைச் சொல்ல வேண்டும், படத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், அது ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் நான்கு வகையான வாக்கியம் தேவைப்படும். இலக்கணப் புத்தகம் தனித்தனி அத்தியாயமாக வைத்திருப்பதெல்லாம் ஒரே ஆளுக்குள் வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் தொடங்குவது ஆர்.கே. நாராயணும் அவர் தம்பி ஆர்.கே. லட்சுமணும். ஒருவர் கதை எழுதினார், இன்னொருவர் படம் போட்டார். கல்லூரியில் படிக்கும்போதே தி ஹிந்துவில் வந்த அண்ணனின் கதைகளுக்குத் தம்பி படம் வரைந்திருக்கிறார். நாராயணின் ஆங்கிலம் எளிமையானது, சின்னச் சின்ன வாக்கியம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவர் கதைகளில் வரும் வீடும் தெருவும் பள்ளிக்கூடமும் நமக்கு ஏற்கெனவே தெரியும். லண்டன் மூடுபனியைக் கற்பனை செய்யும் வேலை மிச்சம், மொழியை மட்டும் கவனித்தால் போதும்.

முதல் வாரம்: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் நாராயணுக்கு, வலது பக்கம் லட்சுமணுக்கு. இருவரைப் பற்றியும் தமிழில் தெரிந்ததை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தொடங்க நான் சிலவற்றைத் தருகிறேன்.

நாராயண் 1906ல் சென்னையில் பிறந்தார். பெயரின் முன்னால் நிற்கும் 'ஆர்' ராசிபுரம், நம் நாமக்கல் பக்கத்து ராசிபுரமேதான். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். அந்த வீட்டில் அவருக்கு விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும். அப்பா மைசூரில் தலைமையாசிரியர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் வீட்டில் இருந்து இஷ்டத்துக்குப் படித்தார். முதல் நாவலை லண்டன் பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். மனம் வெறுத்து, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு 'கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு' என்று எழுதிவிட்டார். நண்பர் அதைச் செய்யவில்லை, எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935ல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளிவந்தது. 'தி கைடு' நாவலுக்கு 1960ல் சாகித்திய அகாதமி விருது. 2001ல் சென்னையில் காலமானார்.

லட்சுமண் 1921ல் மைசூரில் பிறந்த கடைக்குட்டி. எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே பத்திரிகைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிரிட்டிஷ் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோவின் கையெழுத்தில் இருந்த 'லோ' அவர் கண்ணுக்கு ரொம்ப நாள் 'கௌ', அதாவது பசு என்றே தெரிந்ததாம். ஆங்கிலம் பழகும் யாரும் இதைக் கேட்டால் கொஞ்சம் தெம்பாவார்கள். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி, போதிய திறமை இல்லை என்று சொல்லி இடம் தரவில்லை. பிறகு அதே ஊரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 'யூ செட் இட்' என்ற தலைப்பில் நாள்தோறும் வரைந்து, கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் வட்டக் கண்ணாடியுமாக வாயே திறக்காத அந்தச் சாமானியனை நாட்டுக்கே தெரிந்த ஆளாக்கினார். 1984ல் மகசேசே விருது. 2015ல் புணேயில் காலமானார்.

சரி, இதை இப்போது ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே ஒரு குழி இருக்கிறது. 'பிறந்தார்' என்பது தமிழில் அவரே செய்த வினைபோல நிற்கிறது. அதனால் நம் வாயில் 'ஹி பார்ன் இன் மெட்ராஸ்' என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் பிறப்பு என்பது அவர் செய்ததல்ல, அவருக்கு நடந்தது. எனவே 'ஹி வாஸ் பார்ன்'. அந்த 'வாஸ்' விழுந்துபோவதுதான் எங்கள் வகுப்பில் முதல் வாரம் முழுக்க நடக்கும் பிழை. இறப்பில் நேர் எதிர்: 'ஹி டைட் இன் 2001'. அங்கே 'வாஸ் டெட்' என்று சொல்பவர்கள் நிறைய. 'டெட்' என்பது இறந்துபோன நிலை, 'டைட்' என்பது இறந்த நிகழ்ச்சி. வருடம் சொன்னால் நிகழ்ச்சிதான் வேண்டும்.

இரண்டாவது குழி கொஞ்சம் ஆழமானது. தமிழில் ஆளைப் பற்றிய விவரத்தையெல்லாம் ஆளுக்கு முன்னால் அடுக்குவோம். 'புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த நாராயண்' என்போம், கடைசியில்தான் ஆள் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து நிற்க வேண்டும், விவரம் 'ஹூ' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். நாம் தமிழ் வரிசையில் யோசித்துக்கொண்டே பேசினால் பாதியில் மூச்சு முட்டும். அதற்கு நான் சொல்லும் வழி: முதல் வாரம் 'ஹூ' பக்கமே போகாதீர்கள். இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள். நாராயண் பாட்டியோடு வளர்ந்தார், முற்றுப்புள்ளி. அவர் 1935ல் முதல் நாவலை வெளியிட்டார், முற்றுப்புள்ளி. மூன்றாம் வாரத்தில் இரண்டையும் ஒட்டலாம், அப்போது தானாக வரும்.

ஒருவருக்குப் பத்து வாக்கியம் போதும். எழுதியதைப் பார்க்காமல் சொல்ல வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

இது ஒரு நாள் வேலைதான், ஆனால் விட்டுவிடாதீர்கள். கலையைப் பற்றிப் பேசும்போது நாம் தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களே காலை வாரும்.

'டிரா', 'பெயின்ட்' இரண்டையும் 'வரைந்தார்' என்று ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறோம். பென்சிலாலோ பேனாவாலோ கோடு இழுத்தால் 'டிரா'. வண்ணம் பூசினால் 'பெயின்ட்'. தமிழிலும் இந்தப் பிரிவு இருக்கிறது, கோடு என்றால் வரைதல், வண்ணம் என்றால் தீட்டுதல். பேச்சில் மறந்துவிட்டோம், அவ்வளவுதான். லட்சுமணின் கார்ட்டூன் 'டிரா' செய்தது, அதில் 'பெயின்ட்' வராது. கதைக்குப் படம் போடுபவர் 'இலஸ்ட்ரேட்டர்'. 'பெயின்டர்' என்று மட்டும் சொன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பவரும் அவரே, படம் தீட்டுபவரும் அவரே. எதற்கும் பக்கத்தில் ஒரு குறிப்புச் சொல் வைத்துக்கொள்ளுங்கள்.

'ஒர்க்' இன்னொன்று. வேலை என்ற பொருளில் அதற்குப் பன்மை இல்லை. 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்' என்று அலுவலகத்தில் சொல்லக் கூடாது. ஆனால் படைப்பு என்ற பொருளில் வந்தால் பன்மை உண்டு. நாராயணின் 'ஒர்க்ஸ்' என்றால் அவருடைய நூல்கள். 'கேரக்டர்' கதாபாத்திரத்துக்கும் வரும், ஒருவரின் குணத்துக்கும் வரும். 'நல்ல கேரக்டர்' என்று நாம் சொல்வது இரண்டில் எது என்று ஆங்கிலத்தில் தெளிவாக்க வேண்டும்.

நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லை எழுதும்போது நிறையப் பேர் பின்பாதியை எழுதுவதற்கான 'ரைட்' என்று எழுதுகிறார்கள். அது வேறு 'ரைட்'. கையால் ஒன்றைச் செய்து தருபவருக்கான பழைய சொல். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சருக்கும் ஆங்கிலத்தில் அதே வால்தான்: 'வீல்ரைட்'. நாடகத்தை எழுதுவதாக அல்ல, தச்சர்போலச் செய்வதாக அந்த மொழி நினைத்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது.

இரண்டு, மூன்றாம் வாரங்கள்: ஒரே ஒரு கதை

நாவலில் தொடங்காதீர்கள். 'மால்குடி டேஸ்' தொகுப்பின் முதல் கதை 'ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே'. சில பக்கங்கள்தான். சென்னையில் இருந்தால் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ தேடுங்கள். மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்றவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். அங்கேயே உட்கார்ந்து படித்து முடிக்கலாம்.

முதல் தடவை அகராதியைத் தொடாமல் ஒரே மூச்சில் படியுங்கள். புரியாதது இருக்கட்டும். டவுன்ஹால் பக்கத்து மரத்தடியில் ஒரு ஜோசியர் கடை விரிக்கிறார், இருட்டின பிறகு ஒரு ஆள் வருகிறான், இருவருக்கும் பேச்சு முற்றுகிறது. இந்த அளவு பிடிபட்டால் போதும். முடிவை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் நீங்கள் இரண்டாம் தடவை படிப்பீர்கள்.

இரண்டாம் தடவை பென்சிலோடு. தொடக்கத்தில் ஜோசியர் தன் சாமான்களைப் பரப்பும் வரியில் நில்லுங்கள். ஒரு டஜன் சோழி, கட்டங்கள் போட்ட ஒரு சதுரத் துணி, ஒரு நோட்டு, ஒரு கட்டு பனையோலைச் சுவடி. தமிழில் நாம் 'சோழி, துணி, நோட்டு, ஓலை' என்று போய்விடுவோம். அங்கே ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'எ' நிற்கிறது. 'எ டஜன்', 'எ பீஸ் ஆஃப்', 'எ நோட்புக்', 'எ பண்டில் ஆஃப்'. இந்த 'எ'யை விதி சொல்லிப் புரியவைக்க நான் பல வருடம் முயன்றிருக்கிறேன். இந்த ஒரு வரியைக் காட்டிய பிறகு அது எளிதாகிவிட்டது. எண்ணக் கூடிய பொருள் ஒன்று முதல்முறை கண்ணில் படும்போது ஆங்கிலம் அதை விரலால் சுட்டி 'ஒன்று' என்கிறது. துணி போன்றதை அப்படியே எண்ண முடியாது, அதனால் துண்டாக்கி எண்ணுகிறது.

இப்போது உங்கள் பயிற்சி. தெருமுனையில் உள்ள ஒரு கடையைப் பாருங்கள். இஸ்திரி வண்டி, பூக்கடை, செருப்புத் தைப்பவர், எதுவானாலும் சரி. அவர் முன்னால் இருக்கும் நான்கு பொருளை அதே வார்ப்பில் எழுதுங்கள். வகுப்பில் நர்சிங் முடித்த ஒரு பெண் தன் வார்டு டிராலியை எழுதிக்கொண்டு வந்தார். ஒரு சுருள் பிளாஸ்டர், ஒரு ஜோடி கையுறை, ஒரு பாட்டில் ஸ்பிரிட், கடைசியில் ஒரு பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். 'எ ரோல் ஆஃப்', 'எ பேர் ஆஃப்', 'எ பாட்டில் ஆஃப்', எல்லாம் தானாக வந்திருந்தன. அந்தப் பிஸ்கட் பாக்கெட்டைப் படித்ததும் அது ஒரு கதையின் தொடக்கம் என்று எங்களுக்கு எல்லாம் தோன்றியது.

அகராதி வேண்டுமென்றால் கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியைப் பாருங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம், உச்சரிப்பும் கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் பார்க்க வேண்டாம்.

கதையை வாயால் சொல்லும்போது ஒரு விஷயம். எழுத்தாளர் வாழ்க்கையை இறந்த காலத்தில் சொன்னோம். கதையில் நடப்பதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் சொல்வதுதான் வழக்கம், கதை இறந்த காலத்தில் எழுதப்பட்டிருந்தாலும்கூட. ஜோசியர் மரத்தடியில் 'சிட்ஸ்', ஆள் 'கம்ஸ்'. நாராயண் 'ரோட்', அவர் ஜோசியர் 'சிட்ஸ்'. எழுதியவர் போய்விட்டார், ஜோசியர் ஒவ்வொரு முறை புத்தகத்தைத் திறக்கும்போதும் கடை விரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்தக் கதை கைவந்த பிறகு 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' முதல் பக்கத்தைத் திறங்கள். முதல் வாக்கியம் நான்கே சொல், திங்கட்கிழமைக் காலை என்று மட்டும் சொல்கிறது. அடுத்து, கண் திறக்க மனமில்லாத சுவாமிநாதன். அங்கே வரும் 'ரிலக்டன்ட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை, இழுத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு திங்களும் உங்களுக்குப் பயன்படும். கொஞ்சம் தள்ளிச் சனி ஞாயிறு விடுமுறையின் சுதந்திரத்துக்கு 'டிலிஷியஸ்' என்று போட்டிருப்பார். பிரியாணிக்கு மட்டும் வைத்திருந்த சொல் விடுமுறைக்கும் பொருந்துகிறது. நாக்கில் ருசிப்பதுபோல ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமையை ருசித்திருக்கிறான். பட்டியலில் ஒரு சொல்லைப் படிப்பதற்கும் ஒரு எழுத்தாளர் கையில் அதைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெளிவானது இந்த இடத்தில்தான்.

நான்காம் வாரம்: படத்தைச் சொல்லுங்கள்

லட்சுமணின் கார்ட்டூன் தொகுப்பு ஏதாவது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து அரசியல் தெரிந்தால்தான் புரியும் படங்களைத் தாண்டிவிடுங்கள். சாலைக் குழி, குடிநீர், விலைவாசி, கியூ, இப்படி ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். அவையெல்லாம் இன்றைக்கும் விளக்கம் இல்லாமல் புரியும்.

கீழே உள்ள வாசகத்தைக் கையால் மூடிக்கொண்டு படத்தில் நடப்பதை உரக்கச் சொல்லுங்கள். இங்கே 'இங்' வினைகள் வரும்: ஒரு கிழவர் ஓரத்தில் 'ஸ்டான்டிங்', அதிகாரி 'பாயின்டிங்', குடையோடு ஒருவர் 'வெயிட்டிங்'. ஆனால் குடை வைத்திருக்கிறார் என்பதற்கு 'ஹேவிங்' வராது, 'ஹேஸ்' போதும். உடுத்தியிருப்பதற்கு 'வேரிங்' வரும். 'இன் தி பிக்சர்' என்று சொல்லுங்கள், 'ஆன்' வேண்டாம். அப்புறம், 'டிஸ்கிரைப்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' தேவையில்லை. படத்தை 'டிஸ்கிரைப்' செய்கிறோம், படத்தைப் பற்றி அல்ல.

சொல்லி முடித்ததும் மூடிய வாசகத்துக்குப் பதிலாக நீங்களே ஒன்று எழுதுங்கள். பிறகு கையை எடுத்து அவர் எழுதியதைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மனிதர் இன்னொருவரிடம் சொல்லும் ஒன்றிரண்டு வாக்கியம்தான் இருக்கும். எழுத்து ஆங்கிலம் படித்துப் படித்துப் பேச்சு வராதவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

லட்சுமண் வாழ்நாள் முழுவதும் காகத்தை விரும்பி வரைந்தவர். நீங்களும் ஒரு நாள் ஜன்னலில் வந்து உட்காரும் காகத்தை ஐந்து நிமிடம் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அது வழக்கமாகச் செய்வதற்கு ஒரு வினை, இப்போது செய்துகொண்டிருப்பதற்கு இன்னொரு வினை. இரண்டு காலமும் ஒரே காகத்தில் பழகும்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: பேசுங்கள், எழுதுங்கள்

தினமும் ஒரு நிமிடம், போனில் பதிவு. ஒரு நாள் எழுத்தாளர், ஒரு நாள் கதை, ஒரு நாள் படம், ஒரு நாள் உங்கள் கருத்து. பழைய பதிவை அழிக்காதீர்கள். ஆறாவது வாரம் முதல் பதிவைக் கேட்டால் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். கருத்துச் சொல்லும்போது 'நைஸ்', 'சூப்பர்' இரண்டையும் தடை செய்துவிடுங்கள். எந்த இடம் பிடித்தது, அங்கே என்ன நடக்கிறது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் அதுவே கருத்து.

எழுதுவது ஒரு பத்தி போதும், நூறு சொல். நாராயண் எழுதிய நாவல் என்பதற்கு 'பை' வரும், 'எ நாவல் பை நாராயண்'. முதல் வாரம் உடைத்து வைத்த வாக்கியங்களை 'ஹூ' போட்டு ஒட்ட வேண்டியது இங்கேதான்.

இது முடிந்ததும் வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் வகுப்பு அடுத்துப் போவது ஏ.கே. ராமானுஜனிடம். அவரும் மைசூரில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கி 1967ல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று வெளியிட்டார். அதில் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' இருக்கிறது. முதலில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறப்போம். எல்லோரும் 'செம்புலப் பெயல்நீர்' வந்த இடத்தில் திணறுவார்கள். செம்மண்ணில் பெய்த மழையின் நீர் என்று 'ஆஃப்', 'ஆன்', 'இன்' எல்லாவற்றையும் அடுக்கிப் பார்ப்பார்கள். ராமானுஜன் செம்மண் என்று ஒரு பக்கமும் கொட்டும் மழை என்று ஒரு பக்கமும் வைத்து, நடுவில் ஒரே ஒரு 'அண்ட்' போட்டிருப்பார். போன தடவை அந்த 'அண்ட்' மேலேயே ஒரு மணி நேரம் பேசினோம், பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்.